டிக்கியில மழைத்தண்ணியா? பீடிங் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன நவம்பர்ல ஒரு நாள் விடியற்காலை. அப்பா மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி போயிருந்தார். நல்ல மழை. அங்கே போய் டிக்கியைத் திறந்தா, உள்ளே இருந்த துணிப்பை மேல சளசளன்னு தண்ணி கொட்டியிருக்கு. பையில இருந்தது அந்தப் பயணியோட சர்டிஃபிகேட் ஃபைல். அப்பா வாடகை வாங்காம வந்துட்டார். அன்னைக்கு சாயங்காலமே ரேட்டிங்ல ஒரு ஸ்டார் விழுந்திருந்தது. கால் டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு அந்த ஒரு ஸ்டார் என்னன்னு அவங்க வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

நான்தான் வீட்டு இன்ஜினியர் ஆச்சே! "பீடிங் போயிடுச்சுப்பா, மாத்திட்டா சரியாயிடும்"னு சொன்னேன். மாத்தினோம். ரெண்டு நாள் சவாரிக் காசு போச்சு. அடுத்த மழையிலயும் தண்ணி. அப்பா கோபப்படல. "ஏம்மா, எங்க ஒழுகுதுன்னு பார்த்துட்டுத்தான் மாத்தச் சொன்னியா?"ன்னு மட்டும் கேட்டார். பார்க்கலைங்கிறதுதான் உண்மை. அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு கணக்கு

1 சதுர மீட்டர் பரப்புல 1 மி.மீ. மழை பெய்தா அது 1 லிட்டர் தண்ணி. டிக்கி மூடியோட மேல்பரப்பையும் பின் கண்ணாடியையும் சேர்த்து சுமார் 1 சதுர மீட்டர்னு வைங்க. ஒரு ராத்திரியில 50 மி.மீ. பெய்தா 50 லிட்டர் அந்த வழியா ஓடுது. அதுல நூத்துல ஒரு பங்கு உள்ளே வந்தாலே அரை லிட்டர். அதனால டிக்கியில நிறைய தண்ணி இருந்தா ஓட்டையும் பெருசா இருக்கும்னு நினைக்கக் கூடாது. ஒரு போல்ட்டைச் சுத்தி இருக்கிற முடி அளவு இடைவெளியே போதும்.

தண்ணியைத் தடுக்கிறது யாரு?

பீடிங் மட்டும்தான்னு நான் நினைச்சிருந்தேன். நிஜத்துல அது கடைசிக் காவல்காரன். மூடிக்கும் பாடிக்கும் நடுவுல விழுற தண்ணியைப் பிடிக்க டிக்கி வாயைச் சுத்தி ஒரு வாய்க்கால் இருக்கு. மூடியைத் திறந்து பாருங்க, பீடிங்குக்கு வெளிப்பக்கமா பள்ளமா ஓடும். பெரும்பாலான தண்ணி அதுல இறங்கி, ரெண்டு பக்கமும் டெயில் லைட் ஓரமா வெளியே போயிடும். வேப்ப மரத்தடியில கார் நிறுத்துறவங்க இந்த வாய்க்காலை அடிக்கடி பார்க்கணும். இலை அடைச்சா தண்ணி மட்டம் ஏறி பீடிங்கைத் தாண்டும்.

பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். நசுங்கினா திரும்ப எழும்பி மூடியை அழுத்துறதுதான் அதோட வேலை. வருஷக்கணக்கா நசுங்கியே இருந்தா பழைய உருவத்துக்குத் திரும்பாது. மெட்டீரியல்ஸ் பேப்பர்ல 'கம்ப்ரெஷன் செட்'னு படிச்சமே, அதேதான். இன்னொண்ணு: ஈ.பி.டி.எம்.முக்கு பெட்ரோலியம் ஆயில் ஆகாது, ஊதிப் போயிடும். பளபளப்புக்காக இன்ஜின் ஆயிலோ சாதா கிரீஸோ தடவாதீங்க. தடவணும்னா சிலிகான் கிரீஸ்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்

- டெயில் லைட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்பாஞ்ச் கேஸ்கெட். டிங்கரிங் வேலை நடந்த கார்ல இதைத்தான் முதல்ல பார்க்கணும். லைட்டைக் கழட்டி மாட்டும்போது பழைய கேஸ்கெட் கிழிஞ்சிருக்கலாம், நட்டு சரியா இறுகாம இருக்கலாம்.
- பின் கண்ணாடியோட கீழ் ஓரம்.
- பாடி தகடுகள் சேர்ற மடிப்புல போட்டிருக்கிற சீலன்ட். வயசானா வெடிப்பு விடும்.
- பம்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற காற்றுப் போக்கி. காருக்குள்ள வர்ற காத்து வெளியே போக, ரப்பர் மடல் வச்ச இந்த ஜன்னல் நிறைய கார்ல இருக்கு. இதோட ஓர ரப்பர் போனா, டயர் அடிக்கிற தண்ணி உள்ளே வரும். மழை விட்ட பிறகும் ஈர ரோட்டுல ஓட்டினா மட்டும் டிக்கி நனையுதுன்னா இதைப் பாருங்க.
- மூடியில பண்ணின எந்த ஓட்டையும்: நம்பர் பிளேட் லைட், ரிவர்ஸ் கேமரா, சாவி துவாரம், எம்ப்ளம், ஸ்பாய்லர்.

மூடிக்குள்ளயும் தண்ணி நிக்கும்

இதுதான் எனக்குத் தெரியாத விஷயம். டிக்கி மூடி ஒத்தைத் தகடு இல்ல. வெளித்தகடு, உள்தகடு ரெண்டும் ஓரத்துல மடிச்சு சேர்த்த ஒரு பெட்டி. உள்ளே கொஞ்சம் தண்ணி போறது சகஜம்னு தெரிஞ்சுதான் கீழ் விளிம்புல சின்னச் சின்ன வடிகால் துளைகள் வச்சிருக்காங்க. தூசியும் பாலிஷ் மெழுகும் சேர்ந்து அதை அடைச்சிடும். அப்போ மூடி ஒரு தண்ணித் தொட்டி. மூடியிருக்கிற வரைக்கும் தண்ணி கீழ் விளிம்புல நிக்கும், டிக்கிக்குள்ள ஒரு சொட்டு வராது. மூடியைத் தூக்கினதும் தண்ணி கீல் பக்கமா ஓடி, உள்தகட்டுல இருக்கிற பெரிய ஓட்டைகள் வழியா சாமான் மேல கொட்டும்.

அப்பா முதல் நாளே சொல்லியிருந்தார்: "திறந்ததும் கொட்டுச்சு." நான் காதுல வாங்கல. தரையில ஈரமிருந்தா ஒரு காரணம், மேலேர்ந்து கொட்டினா வேற காரணம்.

கண்டுபிடிக்கிற முறை

1. டிக்கியில இருக்கிற எல்லாத்தையும் எடுங்க: பாய், அட்டை, ஸ்டெப்னி. ஸ்டெப்னி குழியில தண்ணி நின்னாலும் அது அங்கேதான் வந்ததுன்னு அர்த்தம் இல்ல. பள்ளம் அங்கே இருக்கு, அவ்வளவுதான்.

2. முழுசா காய விட்டு, உள்ளே ஓரங்கள்ல டால்கம் பவுடர் தூவுங்க. தண்ணி வந்த பாதை கோடு போட்ட மாதிரி தெரியும்.

3. பேப்பர் டெஸ்ட்: ஒரு பேப்பர் துண்டை பீடிங் மேல வச்சு மூடியை மூடி, மெதுவா இழுங்க. சுத்திலும் ஒரே மாதிரி இறுக்கமா வரணும். ஒரு இடத்துல மட்டும் லூஸா வந்தா, பீடிங்கை மாத்துறதுக்கு முன்னாடி மூடியோட மூலையில இருக்கிற ரப்பர் ஸ்டாப்பரையும் லாக்கையும் அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்க. காசு செலவில்ல.

4. தண்ணி டெஸ்ட்: சாதா டியூப்ல, மெதுவா. கீழேர்ந்து மேல போகணும். முதல்ல பம்பர், அப்புறம் டெயில் லைட், அப்புறம் மூடி ஓரம், மூடியோட மேல்பரப்பு, கடைசியா கண்ணாடி. ஒவ்வொரு இடத்துக்கும் அஞ்சு நிமிஷம். மேல ஆரம்பிச்சா எல்லாமே ஒரே நேரத்துல நனையும், எது குற்றவாளின்னு தெரியாது. வாட்டர் வாஷ் பிரஷர் கன் வேண்டாம். அந்த அழுத்தத்துல நல்ல பீடிங்கே தண்ணி விடும்.

5. உள்ளேர்ந்து ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பார்த்தா சீக்கிரம் தெரியும். ஆனா கவனம்: நிறைய கார்ல டிக்கியை உள்ளேர்ந்து திறக்க முடியாது. பின் சீட்டை மடக்கி வழி வச்சுக்கோங்க, சாவி வெளியே நிக்கிறவர் கையில இருக்கணும், இன்ஜின் ஆஃப்ல இருக்கணும். சின்னப் பசங்களை உள்ளே விடவே கூடாது.

நான் உள்ளே படுத்துக்கிட்டேன், அப்பா டியூப் பிடிச்சார். பம்பர், டெயில் லைட், ஓரம் எல்லாம் காய்ஞ்சே இருந்தது. மேல்பரப்புக்கு வந்தப்போ மூடிக்குள்ள டொக் டொக்னு சத்தம். ஆனா கண்ணுக்கு எதுவும் தெரியல. "சரிப்பா, திற"ன்னு சொன்னேன். திறந்தார். மொத்தமும் என் தலை மேல.

காரணம் ஸ்பாய்லர். அப்பா இதை செகண்ட் ஹேண்டா வாங்கினார். முன்னாடி வச்சிருந்தவர் ஸ்டைலுக்காக மூடியில துளை போட்டு ஸ்பாய்லர் மாட்டியிருக்கார். போல்ட்டுக்கு அடியில வாஷரும் இல்ல, சீலன்ட்டும் இல்ல. வடிகால் துளைகளும் அடைச்சிருந்தது.

சரி பண்ணினது எப்படி

உள் டிரிம்மோட கிளிப்பைக் கழட்டி, நட்டை எடுத்து, ஸ்பாய்லரைத் தூக்கினோம். துளை ஓரத்துல பெயின்ட் இல்லாத தகடு துரு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர், மேல டச்-அப் பெயின்ட். காய்ஞ்ச பிறகு போல்ட்டைச் சுத்தி பியூட்டைல் டேப், கூட ரப்பர் வாஷர். வடிகால் துளைகளை மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையை விட்டுச் சுத்தம் பண்ணினோம். ஸ்க்ரூடிரைவர் விட்டா பெயின்ட் சுரண்டி, அங்கேயும் துரு பிடிக்கும். திரும்பத் தண்ணி டெஸ்ட். மூடியைத் திறந்தப்போ சொட்டு இல்ல. செலவு, நான் வீணாக்கின பீடிங் விலையில கால்வாசிகூட இல்ல.

சிலிகான் வாங்கினா ஒண்ணு பாருங்க. வினிகர் வாசம் வர்ற வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், தகட்டை அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்'னு போட்டிருக்கிறதை வாங்குங்க. பீடிங் மேல சிலிகான் பூசி ஒட்டுறது சிகிச்சை இல்ல. உண்மையான ஓட்டை அப்படியே இருக்கும், அடுத்து வர்ற மெக்கானிக்குக்கும் கஷ்டம்.

"தண்ணிதானே, துடைச்சா போச்சு" இல்லையா?

இல்ல. ஸ்டெப்னி குழியில நிக்கிற தண்ணி தகட்டை உள்ளேர்ந்து தின்னும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது தகடு பாதி போயிருக்கும். டெயில் லைட் கனெக்டர் பச்சை பூத்தா பிரேக் லைட் எரியாது, பின்னாடி வர்ற லாரிக்கு நாம பிரேக் போட்டது தெரியாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. ஓடுற காருக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறைவு, புகையும் அங்கேதான் சுழலும். தண்ணி வர்ற வழியில புகையும் வரலாம். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. அதனாலதான் ஸ்டெப்னி குழியோட அடி ரப்பர் மூடியைப் பிடுங்கிட்டு "தண்ணி தானா வடியட்டும்"னு விடக் கூடாது. தண்ணியை வடிக்க எடுங்க, திரும்ப மாட்டிடுங்க.

சுருக்கமா

காய வை. எங்கே ஈரம், எப்போ ஈரம்னு கேள். கீழேர்ந்து மேல சோதி. ஒரு நேரத்துல ஒரு இடம். கண்ணால பார்த்த பிறகு காசு செலவு பண்ணு. பண்ணின பிறகு திரும்பச் சோதி. நாலு வருஷம் லேப்ல ஆப்சர்வேஷன் நோட்டுல எழுதினது இதேதான். வீட்டுல மட்டும் நேரா ரிசல்ட்டுக்குப் போயிட்டேன்.

கார் ஓட்டுறவங்க "திறந்ததும் கொட்டுச்சு"ன்னு சொன்னா, அந்த 'திறந்ததும்'ங்கிற வார்த்தையை விட்டுடாதீங்க. எங்க வீட்டுல விடை அதுலதான் இருந்தது.