திறந்திருந்த கதவு

பாடப்பகுதி: அப்போஸ்தலர் 28:30,31, 2 கொரிந்தியர் 4:2, 1 பேதுரு 3:15

அப்போஸ்தலருடைய நடபடிகளின் புத்தகம் ஒரு வாடகை வீட்டில் முடிவடைகிறது. ரோமாபுரியில் காவலின்கீழ் இருந்த பவுல் இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் தங்கி, தம்மைத் தேடி வந்த அனைவரையும் ஏற்றுக்கொண்டு, தேவனுடைய ராஜ்யத்தைக் குறித்துப் பேசினார். வீதிக்குச் சென்று பிரசங்கிக்க அவரால் இயலவில்லை. ஆயினும் அவருடைய வீட்டின் கதவு திறந்திருந்தது. வர விரும்பியவர்கள் வந்தார்கள்.

ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்குப் பின்பு, மகாராஷ்டிரத்தின் புனே நகரில் ஒரு சகோதரியின் அறைக்கதவும் இவ்விதமாகவே திறந்திருந்தது. அந்தக் கதவின் நிமித்தம் ஒரு பெரும் புயல் எழும்பியது. அந்தச் சகோதரி பண்டித ரமாபாய். நற்செய்திப் பணி எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதை அறிய அந்நிகழ்ச்சி இன்றும் திருச்சபைக்கு ஒரு பாடமாக உள்ளது.

1. ஆயத்தப்படுத்தப்பட்ட பாத்திரம்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்கள் சமஸ்கிருதம் கற்கலாகாது என்று கருதப்பட்ட அந்நாட்களில், தமது மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்பித்தவர். புராணங்களை வாசித்துக்கொண்டு தலயாத்திரையாகவே வாழ்ந்த அந்தக் குடும்பத்தை 1870களின் பஞ்சம் தாக்கியது. தாயும் தந்தையும் மூத்த சகோதரியும் மரித்தார்கள். பசியின் கொடுமையை ரமாபாய் தம் சரீரத்திலேயே அறிந்தார்.

1878ஆம் ஆண்டு கல்கத்தாவின் அறிஞர்கள் அவருடைய கல்வியைச் சோதித்தறிந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் அளித்தார்கள். மணமான இரண்டே ஆண்டுகளில், கைக்குழந்தையான மனோரமாவுடன் விதவையானார். 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். எனினும், கிறிஸ்தவ மார்க்கத்தைத் தாம் கண்டடைந்தது முதலாவது. கிறிஸ்துவையே கண்டடைந்தது ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின்பு என்று அவரே பிற்காலத்தில் சாட்சி பகர்ந்தார். மார்க்கத்தை மாற்றிக்கொள்வதற்கும் மீட்பரைச் சந்திப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் தம் வாழ்விலேயே கற்றுக்கொண்டார். ஆகவே, பிறரை அவசரப்படுத்த அவர் நாடவில்லை.

2. வாக்குறுதியும் சாட்சியும்

அமெரிக்காவில் உருவான ஒரு சங்கத்தின் உதவியுடன், 1889ஆம் ஆண்டு பம்பாயில் இளம் விதவைகளுக்கென ‘சாரதா சதன்’ என்னும் கல்வி இல்லத்தை ரமாபாய் தொடங்கினார். மறு ஆண்டு அது புனேக்கு மாற்றப்பட்டது. அங்கே மதபோதனை நடத்தப்படமாட்டாது என்பது வாக்குறுதி. மாணவிகள் தங்கள் குல ஆசாரங்களையும் சமையல் முறையையும் வழிபாட்டையும் தடையின்றிக் கைக்கொண்டார்கள். நீதிபதி ரானடே, அறிஞர் பண்டார்கர் போன்ற இந்து சமயச் சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவில் இருந்து ஆதரவு அளித்தார்கள்.

ரமாபாய் தம் அறையில் மகளோடு ஜெபம்பண்ணுவது வழக்கம். அறைக்கதவு மூடப்படவில்லை. சில மாணவிகள் தாங்களாகவே வந்து அமர்ந்தார்கள். நாளடைவில் அவர்களுடைய எண்ணிக்கை பெருகியது. செய்தி நகரெங்கும் பரவியது. பால கங்காதர திலகரின் ‘கேசரி’ இதழ் கடுமையாகக் கண்டித்தது. 1893ஆம் ஆண்டு ரானடேயும் பண்டார்கரும் குழுவிலிருந்து விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாணவிகளை அவர்களுடைய குடும்பத்தார் அழைத்துச் சென்றுவிட்டார்கள்.

விலகியவர்கள் தீயவர்கள் அல்லர். கொடுத்த வாக்கு மீறப்பட்டதாக அவர்கள் மெய்யாகவே கருதினார்கள். இளம்பெண்கள் தங்களை ஆதரிக்கிறவருடைய வழியை எளிதில் பின்பற்றிவிடக்கூடும் என்ற அவர்களுடைய அச்சத்தையும் அற்பமென்று தள்ளிவிடலாகாது. ரமாபாயின் நிலையோ இதுவே: ஒருத்தியையும் ஜெபத்திற்கு அழைத்துவரவில்லை, வருகிறவளைத் துரத்தவும் மாட்டார். மற்ற மாணவிகளுக்கு உள்ள வழிபாட்டு உரிமை அந்த இல்லத்தின் தலைவிக்கும் உண்டு. கதவை மூடிக்கொண்டு இரகசியமாக ஜெபித்திருந்தால் ஆதரவாளர்கள் நிலைத்திருப்பார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை.

மறைவான வழிகளையும் தந்திரத்தையும் விட்டுவிட்டு, உண்மையை வெளிப்படையாக எல்லாருடைய மனச்சாட்சிக்கும் முன்பாக வைத்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 கொரி. 4:2). தந்திரமாகச் சேர்ப்பதும், பயந்து மறைப்பதும் ஆகிய இரண்டு தவறுகளுக்கும் திறந்த கதவு விலக்காயிருந்தது.

3. கிறிஸ்தவராகாதவருக்கும் கிடைத்த பலன்

சாரதா சதனின் முதல் மாணவிகளுள் ஒருவர் கோதுபாய் என்னும் இளம் விதவை. அவர் கிறிஸ்தவ மார்க்கத்தைத் தழுவவில்லை. 1893ஆம் ஆண்டு தோண்டோ கேசவ கார்வே அவரை மறுமணம் செய்துகொண்டார். கார்வே 1896ஆம் ஆண்டு புனேயில் விதவைகளுக்கென ஓர் இல்லத்தை நிறுவி, 1916ஆம் ஆண்டு பெண்களுக்கான பல்கலைக்கழகத்தையும் தொடங்கினார். ரமாபாயிடம் கல்வி பெற்ற ஒருவர் வேறொரு மார்க்கத்திலேயே நிலைத்திருந்து தேசத்திற்குப் பயன்பட்டார். இதை ஊழியத்தின் தோல்வி என்று எண்ணலாகாது. நித்திய ஜீவனைக் குறித்துக் கேட்டு வந்த ஐசுவரியவான் துக்கத்துடன் திரும்பிப் போனபோதும், இயேசு அவன்மேல் வைத்த அன்பு குறையவில்லை. அவனைப் பிடித்து நிறுத்தவும் இல்லை (மாற்கு 10:17-22).

4. பஞ்ச நாட்களில் வந்த சோதனை

1896-97இல் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. தம் இளமையின் பசியை மறவாத ரமாபாய் அங்கே சென்று, ஆதரவற்ற பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துவந்தார். புனேயில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. நகருக்கு வெளியே கேட்காவில் இருந்த பண்ணை நிலமே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. அதுவே ‘முக்தி’ இல்லம். ஏறத்தாழ முந்நூறு பேருடன் தொடங்கியது, 1900ஆம் ஆண்டின் குஜராத் பஞ்சத்திற்குப் பின்பு ஏறக்குறைய 2000 பேரைத் தாங்கியது. நெசவு, பயிர்த்தொழில், அச்சுத்தொழில் ஆகியவை கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோரும் கல்வி பெற்றார்கள்.

சாரதா சதனைப்போல் அல்லாமல், முக்தி இல்லம் தொடக்கமுதல் கிறிஸ்தவ இல்லமாகவே அறிவிக்கப்பட்டது. அங்கே பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பசித்தவன் உணவளிப்பவருடைய விசுவாசத்தை ஏற்பது மனமாற்றமா, சோற்றுக்கான நன்றியா? இக்கேள்வியைத் திருச்சபை தட்டிக்கழிக்கக்கூடாது. உணவில்லாதவனைப் பார்த்து வாழ்த்து மட்டும் கூறி அனுப்புவது செத்த விசுவாசம் என்று யாக்கோபு எழுதுகிறார் (யாக். 2:15-17). அந்த உணவிற்கு விலையாக விசுவாசத்தைக் கேட்பதும் நற்செய்திக்கு விரோதமானதே. முக்தி இல்லத்தில் பெண்கள் உணவோடு எழுத்தறிவும் கைத்தொழிலும் பெற்றார்கள். தன் காலில் நிற்கக்கூடியவளாலேயே ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் தன் சொந்த மனதோடு சொல்லக்கூடும்.

5. வேதத்தைத் தாமே வாசிக்கும்படி

1905ஆம் ஆண்டு முக்தி இல்லத்தில் எழுப்புதல் உண்டாயிற்று. அங்கிருந்த பெண்கள் குழுக்களாகச் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று சாட்சி கூறினார்கள். ரமாபாயோ எபிரெய, கிரேக்க மொழிகளைக் கற்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்ப்பதில் தமது கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். முக்தி இல்லத்தின் பெண்களே அதை அச்சிட்டார்கள். 1921இல் மனோரமா மரித்தார். மகளை இழந்த துயரத்திலும் தாய் அப்பணியை நிறுத்தவில்லை. அதை நிறைவேற்றி, 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஒருவருடைய கையில் வேதத்தை அவருடைய சொந்த மொழியில் வைப்பது, அவரே வாசித்து ஆராய்ந்து முடிவுசெய்யும்படி இடங்கொடுப்பதாகும். இதுவும் ஒரு திறந்த கதவு.

முடிவுரை

நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் பயபக்தியோடும் விடையளிக்க ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு கற்பிக்கிறார். கேள்வி பிறக்கவேண்டுமானால், விசுவாசியின் வாழ்க்கை காணப்படவேண்டும். கிறிஸ்துவும் கதவருகே நின்று தட்டுகிறவராகவே தம்மைக் காட்டுகிறார், உள்ளிருப்பவன் திறக்கும்வரை காத்திருக்கிறார் (வெளி. 3:20). ஆண்டவர் காத்திருக்கும் இடத்தில் ஊழியக்காரன் கதவை உடைத்து நுழைய முயலலாமா? ஆண்டவர் தட்டிக்கொண்டிருக்கும்போது ஊழியக்காரன் மௌனமாயிருக்கலாமா?

கேட்காவில் முக்தி இல்லம் இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அடைக்கலமாக விளங்குகிறது.

சிந்தனைக்கும் ஜெபத்திற்கும்

1. அயலகத்தார் காணும்படி விசுவாசியின் வீட்டில் ஜெபம் நடைபெறுகிறதா? அல்லது பயத்தினால் கதவு மூடப்பட்டிருக்கிறதா?

2. சபை செய்யும் உதவிகளில், பெறுகிறவர் மறுமொழி கூறச் சுயாதீனம் உள்ளவராக இருக்கிறாரா?

3. நற்செய்தியைக் கேட்டும் ஏற்றுக்கொள்ளாதவர்மேல் காட்டும் அன்பு முன்போலவே நிலைத்திருக்கிறதா?