ஈயக்குண்டு வார்க்க எந்தச் சட்டி?

தூண்டிலுக்கும் வலைக்கும் வீட்டிலேயே ஈயக்குண்டு வார்ப்பவர்கள் பாத்திரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும்தான். ஆனால் அடுப்புச் சூட்டில் அது வெகு முன்பே தளர்ந்து, ஈயத்தின் கனம் தாங்காமல் அடி விட்டுவிடலாம். பற்று வைத்த தகர டப்பாவும் ஆகாது. ஈயம் உருகுமுன் பற்று உருகிவிடும். வார்ப்பிரும்புச் சட்டி, மூக்கு வைத்த இரும்புக் கரண்டி, நீண்ட மரப்பிடி. இவை போதும்.

ஈரம்தான் பெரிய எதிரி. கரண்டியிலோ அச்சிலோ ஒரு சொட்டு நீர் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். இரண்டையும் நன்றாகச் சூடுகாட்டிய பிறகே ஊற்றுங்கள். சிமெண்ட் அச்சு காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். இரும்பு அச்சே மேல். கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு கட்டாயம்.

பழைய பேட்டரித் தகடுகளை உருக்கவே கூடாது. நச்சுப் புகை வரும்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டுக்கு உருக்குவதோ நஞ்சான காரீயம். இந்தச் சட்டி மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது. வேலையைத் திறந்தவெளியில், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்தில் வையுங்கள்.