நாள் தவறாத மாத்திரை: எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்போருக்குத் துணைநிற்கும் வழிமுறைகள்

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் வெளிப்பட்டன. அதன்பின் நோயாளிகள் மருந்துக்காகக் காத்திருந்த காலம் நீண்டது. 2004 ஏப்ரல் முதல் நாளில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட எட்டு மருத்துவமனைகளில் மைய அரசு கூட்டு மருந்தை விலையின்றி வழங்கத் தொடங்கியது; 2017 முதல், உடலின் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு குறைந்துள்ளன என்று பாராமல், தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை உரியது என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. மருந்து கைக்கு வந்துவிட்ட இக்காலத்தில் அது நாள் தவறாமல் உடலுக்குள் செல்வதே முதன்மையான பணி. மாத்திரை தவறுவதற்குப் பெரும்பாலும் மனவுறுதிக் குறைவைவிட வேலை நேரமும் பயணமும் மறைவிடம் இல்லாமையுமே காரணங்களாக இருப்பதால், துணைநிற்போர் கண்டிப்பதை விடுத்து அக்காரணங்களை ஒவ்வொன்றாக நீக்க முற்பட வேண்டும். அதற்கான முறைகள், திருப்பனந்தாளையும் அதைச் சூழ்ந்த காவிரிப் படுகை ஊர்களையும் மனத்தில் கொண்டு, கீழே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

1. இசைவு பெறுதல்

சிகிச்சைத் துணையாளர் என்பவர் மருந்தை நினைவூட்டவும் மருந்து வழங்கும் சிகிச்சை மையத்துக்கு உடன் செல்லவும் நோயாளி தாமே தேர்ந்தெடுக்கும் ஒருவர் ஆவார். அவர் மனைவியாகவோ கணவராகவோ அண்ணியாகவோ நம்பிக்கைக்குரிய தோழியாகவோ இருக்கலாம். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவரது இசைவின்றிப் பிறர் வெளியிடுவதைத் தடை செய்கிறது. எனவே, உறவினர் என்ற உரிமையிலோ நல்லெண்ணத்திலோ கூட இன்னொருவரிடம் சொல்லிவைப்பது கூடாது.

2. மருந்தின் செயலை விளக்குதல்

இன்று பெரும்பாலான வயதுவந்தோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து, நாளுக்கு ஒன்றாகத் தரப்படுகின்றன. இம்மருந்துகள் கிருமியை முற்றிலும் அழிப்பதில்லை. அது பெருகுவதைத் தடுத்து வைக்கின்றன. இரத்தத்தில் மருந்தின் அளவு அடிக்கடி தாழ்ந்தால், கிருமி மீண்டும் பெருகி, அம்மருந்துக்குக் கட்டுப்படாத வடிவம் கொள்ளக்கூடும். இதுவே மருந்து எதிர்ப்பு எனப்படுகிறது. நூற்றுக்கு 95 பங்கேனும் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்பது சிகிச்சை மையங்கள் பின்பற்றும் அளவுகோல். 30 மாத்திரை கொண்ட குப்பியில் ஒன்றுக்கு மேல் தவறினால் இந்த அளவு எட்டப்படுவதில்லை. காய்ச்சலும் எடைக்குறைவும் நீங்கியதும் நோய் தீர்ந்தது என்று கருதி நிறுத்துவோர் உண்டு என்பதால், உடல் தேறியிருப்பது மருந்தினால்தான் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்குவது நல்லது.

3. வேலை நாளுக்கு ஏற்ற நேரத்தை வகுத்தல்

நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள் பொழுது விடியுமுன் சோறு வடித்துத் தூக்குவாளியுடன் கிளம்புகிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவோருக்கு அறுவடைக் காலத்தில் வேலை முடியும் நேரம் நிலையாக இருப்பதில்லை. ஆகவே, கடிகார நேரத்தை மட்டும் குறிக்காமல், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றாடம் தவறாமல் நிகழும் ஒரு செயலோடு, எடுத்துக்காட்டாகக் காலையில் பல் துலக்குவதோடு, மாத்திரையை இணைக்க வேண்டும். இதை வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் உட்கொள்ளலாம் என்பதால், சோறு ஆகவில்லை என்றோ விரத நாள் என்றோ தள்ளிப்போடத் தேவையில்லை. தூக்கம் கெடுவதாக உணர்வோர் மருத்துவரிடம் கூறிக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

4. மறைவும் பாதுகாப்பும்

கூட்டுக் குடும்பத்தில் குப்பி பிறர் கண்ணில் படும் என்ற அச்சமும், பேருந்தில் பை அசையும்போது மாத்திரைகள் குலுங்கும் ஓசையும் பலரை மருந்தைக் கையோடு எடுத்துச் செல்லாமல் தடுக்கின்றன. குப்பியைத் துணியில் சுற்றிவைத்தால் ஓசை குறையும். ஈரத்தை உறிஞ்சும் சிறு உறையை வெளியே எடுக்காமல், மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியிலும் அடுப்பருகிலும் வைக்கலாகாது.

5. தவறிய வேளை

மறந்தது நினைவுக்கு வந்தவுடன் உட்கொள்வதே பொது விதி. அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் தொடரலாம். எந்நிலையிலும் இரண்டை ஒருசேர உட்கொள்ளக் கூடாது. மது அருந்திய நாளிலும் மாத்திரையைத் தவிர்க்க வேண்டியதில்லை. குடியினால் மறதி மிகும் என்பதால் அருந்துமுன்பே உட்கொள்ளச் செய்து, குடியைக் குறைப்பது பற்றிச் சிகிச்சை மையத்தின் ஆலோசகரிடம் பேச வைப்பது பயன் தரும்.

6. பிற மருந்துகளைக் கவனித்தல்

சத்து மாத்திரை என்று வழங்கும் இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும், வயிற்றெரிச்சலுக்கு அருந்தும் ஜெலுசில் போன்றவையும் டோலுடெக்ராவிர் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ கூட்டு மருந்தை உட்கொள்வது பாதுகாப்பானது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் பெறுவோருக்கு டோலுடெக்ராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவைப்படுவதாலும், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் அளவை வரம்புக்குள் வைக்க வேண்டியிருப்பதாலும், எல்லா மருந்துச் சீட்டுகளையும் மையத்தில் காட்ட வேண்டும். முற்றும் குணமாக்குவதாகக் கூறும் எந்த மருந்துக்காகவும் கூட்டு மருந்தை நிறுத்தலாகாது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பாடைடிஸ் பி தொற்றும் உடன் இருப்பவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

7. பயணமும் மருந்து இருப்பும்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மையத்துக்குத் திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம் வழியாகச் சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். சிகிச்சை நிலைபெற்றவர்களுக்கு ஒரே முறையில் பல மாத மருந்து வழங்கும் ஏற்பாடும், அருகில் மருந்து பெற உதவும் இணைப்பு மையங்களும் இருப்பதால், இவற்றை ஆலோசகரிடம் கேட்டுப் பெற வேண்டும். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கும் காலத்திலும், தை, மாசியில் சம்பா அறுவடையின்போதும் மையம் செல்லும் நாள் விழாதபடி முன்கூட்டியே பேசிவைப்பது நலம். பனியன் வேலைக்குத் திருப்பூருக்கோ கட்டட வேலைக்குச் சென்னைக்கோ செல்பவர், பச்சை நிறச் சிகிச்சைப் புத்தகத்தை உடன் கொண்டுசென்று, தங்கும் ஊரின் மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

8. பரிசோதனையும் திரும்பி வருதலும்

வைரஸ் அளவுப் பரிசோதனை என்பது ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ள கிருமி நகல்களைக் கணக்கிடுவதாகும். இது சிகிச்சையின் 6ஆம், 12ஆம் மாதங்களிலும் பின்னர் ஆண்டுதோறும் செய்யப்படுகிறது. நகல்கள் 1,000க்கு மேல் இருந்தால் சில மாதங்கள் மருந்து ஒழுங்கைச் சீர்செய்து மீண்டும் பரிசோதிப்பார்கள். கண்டறிய இயலாத அளவுக்குக் கிருமி தொடர்ந்து குறைந்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை என்பது ஆய்வுகளால் உறுதியான செய்தி. தம்பதியருக்கு இது பேராறுதல் என்பதால் அதை இருவருக்கும் எடுத்துரைக்க வேண்டும்.

வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிறுத்தியவர் வசவுக்கு அஞ்சியே மையத்தின் பக்கம் வராமல் இருப்பதுண்டு. அத்தகையவரிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்காமல், எது தடையாக இருந்தது என்று கேட்டறிந்து, காசநோய் முதலியவற்றுக்கான பரிசோதனையோடு சிகிச்சையை மீண்டும் தொடங்க உடன் அழைத்துச் செல்வதே துணையாளரின் கடமை. வழி தெரியாதோர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தை நாடலாம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலும் ஆலோசனை பெறலாம்.