ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள்: முதல் ஏவியேஷன் ஹெட்செட் வாங்கும் முன்



அடுத்த தடவை சீசனுக்குக் குற்றாலம் போறப்ப ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. பேரருவிக்குப் பக்கத்தில் நின்னு, கூட வந்தவன்கிட்ட "ஏல, துண்டு எங்கல?"ன்னு கேளுங்க. "என்னது, குண்டா?"ன்னு திருப்பிக் கேப்பான். 'உண்டு' வரைக்கும் அவனுக்குக் கேட்டிருக்கு, முதல் எழுத்து மட்டும் அருவியோட போயிருச்சு.

இப்போ ரெண்டு உள்ளங்கையாலும் காதை நல்லா இறுக்கி மூடுங்க. 'ஷ்ஷ்ஷ்'ங்கிற இரைச்சல் நல்லாவே குறையும். போலீஸ்காரர் விசிலும் மங்கும். ஆனா 'கும்ம்'னு அடியில ஒரு முழக்கம் மட்டும் போகாது. விரல் இடுக்கைக் கொஞ்சம் திறந்தா மொத்தச் சத்தமும் திரும்ப உள்ளே வந்துரும்.

அப்புறம் ஊருக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உக்காந்து நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் போட்டுப் பாருங்க. இங்கே கதை தலைகீழ். இன்ஜின் உறுமல் குறையும், கண்டக்டர் விசில் மட்டும் 'கீச்'னு உள்ளே வரும்.

உள்ளங்கை தடுத்தது ஒரு வகைச் சத்தம், இயர்பட்ஸ் தடுத்தது வேறொரு வகை. இந்த வித்தியாசம் புரிஞ்சாலே ஏவியேஷன் ஹெட்செட் வாங்குறதில் பாதிக் கிணறு தாண்டியாச்சு. நம்ம பக்கத்தில் இருந்து பைலட் பயிற்சிக்குப் போக நினைக்கிறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தென்காசியில் விமான நிலையம் இல்லை. ஆனா செங்கோட்டை, ஆரியங்காவு வழியா மலையைத் தாண்டினா திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கு. எங்கே போய்ச் சேர்ந்தாலும், வீட்டில் நகையோ நிலமோ அடகு வச்சுத்தான் பெரும்பாலும் பணம் கட்டுறோம். அந்தப் பணத்தில் ஹெட்செட் ஒரு சின்னப் பங்குதான். ஆனா பைலட் வேலைக்கே ஆதாரமான காது அதை நம்பித்தான் இருக்கு.

காக்பிட்டில் என்ன சத்தம்?

பயிற்சி விமானம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது செஸ்னா 172. நான்கு சிலிண்டர் இன்ஜின், முன்னால் இரண்டு இதழ் புரொப்பெல்லர். இன்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 40 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள் எரியும், ஆகவே நொடிக்கு 80 வெடிப்பு. புரொப்பெல்லரிலும் இரண்டு இதழ் என்பதால் அதுவும் நொடிக்கு 80 முறை காற்றை அறைகிறது. ரெண்டுமே 80 ஹெர்ட்ஸ்! அதன் மடங்குகளாக 160, 240 ஹெர்ட்ஸும் கூடவே வரும். இதுதான் பஸ் இன்ஜின் வகை. இதுக்கு மேல கதவு இடுக்கிலும் கண்ணாடி ஓரத்திலும் காற்று சீறும், அது அருவி வகை.

இந்த இரைச்சல் எவ்வளவு இருந்தால் ஆபத்து? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபெல்லில் நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் வெறும் 1 மணி நேரம். சின்ன பிஸ்டன் விமானத்துக்குள் 90-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் சத்தம் இருப்பது சாதாரணம். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். காதை மூடாமல் பறந்தால் என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் போனால் போனதுதான், மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தலைகாட்டும். க, ச, ட, த மாதிரி மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கமும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கு. துண்டு குண்டான கதை இதுதான்.

கிளாஸ் 1 மெடிக்கலில் ஆடியோமெட்ரி சோதனை உண்டு. சர்வதேச சிவில் விமான அமைப்பின் தரப்படி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் இழப்பு 35 டெசிபெல்லுக்கு மேலும், 3000 ஹெர்ட்ஸில் 50-க்கு மேலும் போகக் கூடாது. இந்தச் சோதனை ஒரு முறையோடு முடிவதில்லை, வேலையில் இருக்கும் காலம் முழுக்கத் தொடரும்.

ஏ.என்.ஆர். என்ன செய்யும், என்ன செய்யாது?

ஹெட்செட்டில் இரண்டு வகை. கிண்ணம், பஞ்சு, காது மெத்தை இவற்றால் மட்டும் சத்தத்தைத் தடுப்பது பாசிவ். உள்ளே ஒரு மைக் வைத்து, வரும் சத்தத்தின் எதிர் அலையை உருவாக்கி அடிப்பது ஏ.என்.ஆர்.

எதிர் அலை யோசனை பழசு. ஜெர்மனியின் பால் லூக் 1930-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். விமானிகளின் காதுக்கு அதைக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு, வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகனான அமர் போஸுக்கு. 1978-இல் ஒரு விமானப் பயணத்தில் இரைச்சலால் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1986-இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் மாதிரி ஹெட்செட்கள் பறந்தன. 1989-இல் விற்பனைக்கு வந்தது.

சரி, இது ஏன் எல்லாச் சத்தத்தையும் அழிப்பதில்லை? நம்ம பாடத்தில் வரும் ஃபேஸ் கணக்குதான். எதிர் அலை 0.1 மில்லி நொடி தாமதமாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 ஹெர்ட்ஸில் அந்தத் தாமதம் 2.9 டிகிரிதான். மிஞ்சும் சத்தம் = 2 × சைன் (கோணத்தில் பாதி). போட்டுப் பார்த்தால் 0.05, அதாவது 5 சதவீத அழுத்தம்தான் மிச்சம், சுமார் 26 டெசிபெல் குறைவு. அதே தாமதம் 2000 ஹெர்ட்ஸில் 72 டிகிரி. மிச்சம் 1.18. சத்தம் குறையாதது மட்டுமில்ல, 18 சதவீதம் கூடிருச்சு! 60 டிகிரியைத் தாண்டினாலே நஷ்டம்தான். அதனால்தான் நிஜமான சர்க்யூட்கள் உயர் அதிர்வெண் பக்கம் கையே வைக்காமல் விட்டுவிடுகின்றன.

ஆக, 80 ஹெர்ட்ஸ் உறுமலை ஏ.என்.ஆர். பார்த்துக்கொள்ளும். காற்றின் சீறலைத் தடுப்பது கிண்ணமும் மெத்தையும்தான். மெத்தை சரியில்லாத ஹெட்செட்டில் எவ்வளவு நல்ல சர்க்யூட் இருந்தாலும் பாதி வேலைதான் நடக்கும். நடு வானில் பேட்டரி தீர்ந்தால் அந்தப் பாதியும் போய், வெறும் பாசிவ் ஹெட்செட்தான் உங்க தலையில் இருக்கும்.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஏ.என்.ஆர். ஹெட்செட் பார்க்கப் போனால், முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையிலும் சுற்றியிருக்கும் சத்தம் தெளிவாகக் குறைந்தால் மட்டும் ஸ்விட்சைப் போட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

மெத்தையைச் சோதிப்பது எப்படி?

கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். காதுக்கு மேல் போகும் தடித்த ஃபிரேம்தான் நம்ம 'திறந்த விரல் இடுக்கு', தாழ்ந்த சத்தம் அந்த வழியாகத்தான் நுழையும். மெல்லிய ஃபிரேம், மிருதுவான ஜெல் மெத்தை ரெண்டும் சேர்ந்தால் பிரச்சினை குறையும். பிறகு பரோட்டா மெல்லுவது போலத் தாடையை அசையுங்கள், சத்தமாகப் பேசுங்கள். அப்போது சீல் விலகினால் ரேடியோவில் பேசும்போதும் விலகும். குறைந்தது முக்கால் மணி நேரம் தலையிலேயே இருக்கட்டும். உச்சந்தலையில் ஒரு புள்ளியில் வலித்தால் அது உங்களுக்கான ஹெட்செட் இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் என்.ஆர்.ஆர். எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். டேவிட் கிளார்க் எச்10-13.4 என்ற பழம்பெரும் பாசிவ் மாடலுக்கு 23 என்று போட்டிருக்கும். வழக்கமான கணக்கு, அதில் 7-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுப்பது. வெளியே 94 டெசிபெல் என்றால் காதில் 94 - 16 = 78. எல்லைக்குள் வந்தாச்சு. மெத்தை காதில் சரியாக உட்கார்ந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

மைக்கை உதட்டோடு ஒட்டுங்கள்

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2400 அடிக்கு இறங்கச் சொல்லி கட்டுப்பாட்டாளர் 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். 'டூ' என்ற எண்ணை 'வரைக்கும்' என்ற சொல்லாக எடுத்துக்கொண்டு 400 அடிக்கு இறங்கினார்கள். விமானம் மலையில் மோதி நால்வரும் இறந்தார்கள். அங்கே பழி ஹெட்செட் மேல் இல்லை, சொற்றொடர் முறை மேல். ஆனா ஒரே ஓசை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும்னு புரியுதுல்ல?

நீங்கள் பேசுவதும் எதிர்முனைக்குத் தெளிவாகப் போக வேண்டும். ஏவியேஷன் மைக்கில் முன்னும் பின்னும் துளை இருக்கும். தூரத்து இரைச்சல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் நுழைந்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். உங்கள் குரல் மட்டும் ஒரு பக்கம் அதிகமாக விழும். மைக் உதட்டிலிருந்து தள்ளிப்போனால் குரலும் 'தூரத்துச் சத்தம்' ஆகி ரத்தாகிவிடும். அதனால் உதட்டோரத்தில் 3 முதல் 6 மி.மீ. இடைவெளி, அதற்கு மேல் வேண்டாம். பேசும் பக்கம் உதட்டைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கும்போது தண்டை வளைத்துவிட்டுத் தலையை வேகமாக ஆட்டுங்கள். வைத்த இடத்தில் மைக் நிற்க வேண்டும்.

பிளக்கைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

சாதாரணப் பயிற்சி விமானத்துக்கு இரண்டு பிளக் வேண்டும்: காதுக்கு 6.3 மி.மீ., மைக்குக்கு அதைவிடச் சற்று மெலிந்த 5.2 மி.மீ. ஒற்றைப் பிளக் என்றால் பெரும்பாலும் ஹெலிகாப்டருக்கானது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்குதுன்னு இதை வாங்கி ஏமாறுவது எளிது. ஏர்பஸ்ஸுக்கு ஐந்து முனை எக்ஸ்.எல்.ஆர். பிளக், ஆகவே 'ஏர்லைன் வரைக்கும் இதே ஹெட்செட்'னு கனவு கண்டு காசைக் கொட்ட வேண்டாம்.

கேமிங் ஹெட்செட்டில் அடாப்டர் மாட்டிச் சமாளிக்கலாமா? கூடாது. பாட்டுக் கேட்கும் ஹெட்போனின் மின்தடை பெரும்பாலும் 32 ஓம் அளவு, விமானத்தின் ஆடியோ பேனல் 150 ஓமுக்கு மேல் எதிர்பார்க்கும். மைக்குக்கு விமானமே மின்சாரம் கொடுக்கும் முறையும் வேறு. இன்னொன்று, ஒரு காதில் மட்டும் கேட்டால் ஹெட்செட் பழுது என்று பதறாதீர்கள். கேபிளில் மோனோ-ஸ்டீரியோ ஸ்விட்ச் இருந்தால் மோனோவுக்குத் தள்ளிப் பாருங்கள்.

அப்போ எதை வாங்குறது?

1. முதல் சில மணி நேரம் பயிற்சிப் பள்ளியில் இருப்பதையோ நண்பருடையதையோ துடைத்துப் போட்டுப் பறங்கள். கிண்ணம், எடை, அழுத்தம் எது ஒத்துவருதுன்னு உங்க தலைக்கே தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் சொந்தமாக வாங்கிடுங்க. பலர் வியர்வை ஊறிய மெத்தை காதுக்கு நல்லதில்லை.

2. கை இறுக்கம் என்றால் நல்ல பாசிவ் ஹெட்செட், உள்ளே ஃபோம் இயர்பிளக், ரேடியோ வால்யூம் கொஞ்சம் கூடுதல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாசிவ் சில நூறு டாலர், மேல்மட்ட ஏ.என்.ஆர். ஆயிரம் டாலருக்கு மேல். இறக்குமதி வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

3. வசதி இருந்தால் ஏ.என்.ஆர். வாங்குங்கள். உறுமல் குறைந்தால் பேச்சு தெளிவாகும், களைப்பும் குறையும். பேட்டரி ஜோடி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

4. சுமாரான கிண்ணத்தில் மலிவு ஏ.என்.ஆர். வைத்து விற்பதை மட்டும் தொடாதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல பாசிவ் மேல்.

5. மெத்தை, மைக் உறை, கேபிள் தனியாகக் கிடைக்கும் மாடலா என்று கேளுங்கள். நம்ம வெயிலுக்கும் வியர்வைக்கும் மெத்தை விறைத்துப் போகும். அதை மாற்ற முடிந்தால் ஹெட்செட் பல வருஷம் உழைக்கும். புளூடூத் இருக்கான்னு கடைசியாக் கேட்டுக்கலாம்.

கடைக்குப் போகும் நாளில் இதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. பேரருவிப் பக்கத்தில் நின்னு உள்ளங்கையால் காதை மூடினதை மட்டும் நினைச்சுக்கோங்க. அந்தக் கை செஞ்ச வேலையை ஹெட்செட் ஸ்விட்ச் இல்லாமலே செய்யுதான்னு பார்த்துட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்க.