பயன் சொல்ல ஓராள் வேண்டும்

பரீட்சை மாதத்தில் யாழ்ப்பாணத்துப் பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றியுள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. சிலப்பதிகாரம், குறுந்தொகை, கம்பராமாயணத்தில் ஒரு படலம் என்று பாடத்துக்கு வைத்தவற்றின் குறிப்புகளைக் கட்டாகக் கொண்டுபோகிற பிள்ளைகளில் பலர் மூலத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். முதலாம் வருடத்தில் நானும் அப்படித்தான். குறுந்தொகையைக் கடைசிக் கிழமைக்குத் தள்ளிப்போட்டேன். குறிப்பில் இல்லாத பாட்டொன்றைத் தந்து விளக்கச் சொன்னார்கள். ஆறே அடி. வாசிக்க முடிந்தது, விளங்கவில்லை. அதற்குப் பிறகு பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இலக்கியத்தில் விருப்பம் இல்லாதவருக்கும் இது கைகொடுக்கும்.

முதலில் சந்தி பிரித்த பதிப்பொன்றைத் தேடுங்கள். ‘பொற்றொடி’ என்று அச்சில் கண்டால் மனம் அப்படியே நின்றுவிடும். பொன், தொடி என்று பிரித்துவிட்டால் பொன் வளையல் போட்ட பெண் முன்னுக்கு வந்து நிற்பாள். நன்னுதல் என்பதும் நல்ல நெற்றி, அவ்வளவுதான். பழைய பாட்டு கடினம் என்று நாங்கள் சொல்வதில் பாதி, சொற்கள் ஒட்டிக்கிடப்பதால் வருகிற கடினம். மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழைய நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டது இதற்காகவே. அது கிடைக்காவிட்டால் பென்சிலால் நீங்களே கோடு போட்டுப் பிரியுங்கள். பிழைத்தாலும் பரவாயில்லை, அழித்துப் போடலாம்.

அடுத்தது, இதில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிற படி: தனியே, வாய்க்குள் வாசிக்காதீர்கள். எங்கள் கோயில்களில் கந்தபுராணம் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படித்து, பதம் பிரித்துக் கொடுப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் கொண்ட நூலை, பள்ளிக்கூடம் போகாதவர்களும் இப்படிக் கேட்டே அறிந்துவைத்திருந்தார்கள். ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) சொன்னது இந்தப் பழக்கத்தில் வளர்ந்த வாழ்வைத்தான். அவர் நெடுங்காலம் படிப்பித்த சைவாசிரிய கலாசாலை இங்கே திருநெல்வேலியில்தான் இருந்தது. கலாசாலை வீதி என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது.

அந்த முறையை அப்படியே எடுங்கள். ஒரு சிநேகிதியைப் பிடியுங்கள். நீங்கள் பாட்டை இரண்டு தரம் உரக்கப் படிக்க, அவள் பயன் சொல்லட்டும். அடுத்த பாட்டுக்கு ஆள் மாறுங்கள். பயன் சொல்வது பேச்சுத்தமிழில் இருக்கவேண்டும். “அவன் வாறன் எண்டிட்டுப் போனவன், மழையும் வந்திட்டுது, ஆளைக் காணேல்லை” என்று சொல்ல முடிந்தால் முல்லைத்திணைப் பாட்டு விளங்கிவிட்டது. “தலைவன் குறித்த பருவம் வந்தமையால் தலைவி வருந்தினாள்” என்று மட்டும் வந்தால் குறிப்பு வாய்க்குள் புகுந்திருக்கிறது, பாட்டு புகவில்லை. சொன்ன பயனை ஒரு வரியில் கொப்பியில் எழுதுங்கள். பரீட்சைக்கு முதல்நாள் அந்தக் கொப்பி போதும்.

சங்கப்பாட்டு என்றால் முதலில் கூற்றைப் பாருங்கள். தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாருக்குச் சொல்வது? இது தெரியாமல் பாட்டுக்குள் போவது, பாதியில் வந்து பிறர் கதைப்பதை ஒட்டுக்கேட்பது போல. குறுந்தொகைக்கு 1937இல் உ.வே. சாமிநாதையர் எழுதிப் பதிப்பித்த உரை இருக்கிறது. நீங்கள் பயன் சொல்லி முடித்த பிறகு அதைத் திறவுங்கள். முந்திப் பார்த்தால் உங்கள் வாய் திறக்காது. கம்பனுக்கு மாத்திரம் இந்த ஒழுங்கை மாற்றலாம். பண்டிதமணியின் ‘கம்பராமாயணக் காட்சிக’ளை முதலில் வாசித்தால் படலத்துக்குள் நுழையும் பயம் போய்விடும். சின்னச் சின்ன வசனங்கள், பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரி.

அளவு முக்கியம். நளவெண்பா நானூற்றுச் சொச்சம் பாட்டு. நாளுக்கு ஐந்து, கிழமையில் ஆறு நாள் என்றால் பதினைந்து கிழமைக்குள் முடியும். ஐந்து வெண்பாவுக்கு அரை மணித்தியாலம் தாராளம். சிலப்பதிகாரத்தில் முப்பது காதைகள், கிழமைக்கு இரண்டு. ஒரு கிழமை தவறினால் விட்டதைத் துரத்தாதீர்கள். வகுப்பு நிற்கிற இடத்தில் போய்ச் சேருங்கள், விடுபட்டதை லீவில் பார்க்கலாம். பின்தங்கிய இடத்திலிருந்தே தொடங்குவேன் என்று அடம்பிடித்தவர்கள்தான் புத்தகத்தை மூடிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. தொல்காப்பியம் அ, இ, உ என்று மூன்று சுட்டுச் சொல்கிறது. மற்ற இடத்துப் பிள்ளைகளுக்கு உகரச் சுட்டை ஆசிரியர் விளக்கவேண்டும். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்குகிறவர் “உது என்ன விலை?” என்றுதான் கேட்கிறார். பறைதல் என்றால் சொல்லுதல் என்று அகராதி பார்க்கத் தேவையில்லை, வீட்டில் பறைகிறோம். தெரியாத சொல் வந்தால் அகராதிக்கு முன் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சிநேகிதி வராத நாளில் அம்மம்மாவுக்குப் பயன் சொல்லுங்கள். நளன் கதையும் கண்ணகி கதையும் அவவுக்குத் தெரியும். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பா. இடையில் மறித்து, “உது பிழை பிள்ளை, திருப்பிப் படி” என்றால் அந்தப் பாட்டுக்குத் திரும்பிப் போங்கள்.