பல்லூடகம்: பழைய கணினியில் வீடியோ தொகுக்க முடியுமா?

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்

இல்ல மெய்வல்லுநர் போட்டியைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்த மாணவி ஒருத்தி, அதைத் தொகுக்க வீட்டிலுள்ள பழைய கணினி போதுமா எனக் கேட்கிறாள். "பழையது, எனவே போதாது" என்பது விடையன்று. புதிய கணினி வாங்குவது குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. ஆகவே முதலில் கணித்தும் பின்னர் சோதித்தும் முடிவு செய்தல் வேண்டும்.

1. எவ்வகை வீடியோ?

வீடியோ என்பது அடுத்தடுத்துத் தோன்றும் சட்டகங்களின் தொகுதியாகும். ஒரு சட்டகத்திலுள்ள படமூலங்களின் எண்ணிக்கை வருமாறு:

மினி டீவி நாடா: 720 × 576 = 414,720
முழு எச்டி: 1920 × 1080 = 2,073,600
4கே: 3840 × 2160 = 8,294,400

இவற்றின் விகிதம் 1 : 5 : 20 ஆகும். 2000களில் திருமண வீடியோக்களுக்குப் பயன்பட்ட மினி டீவி நாடாவைச் சிக்கலின்றித் தொகுத்த கணினி, இன்றைய கைத்தொலைபேசி வீடியோவில் தடுமாறுவது இதனாலேயே. கணினி பழுதடையவில்லை, வேலை பெருகிவிட்டது.

2. கோப்பு சிறிதானால் வேலையும் சிறிதா?

மினி டீவி வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைற்று இடம் பிடிக்கும். செக்கனுக்கு 16 மெகாபிற்று வீதத்தில் பதிவான எச்டி வீடியோவுக்கு:

16 ÷ 8 = செக்கனுக்கு 2 மெகாபைற்று
2 × 3600 = 7200 மெகாபைற்று = 7.2 கிகாபைற்று
(1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனக் கொள்க.)

படமூலங்கள் ஐந்து மடங்கு, கோப்போ சிறியது. காரணம் நெருக்கல் முறை. மினி டீவியில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியே நெருக்கப்படும். கைத்தொலைபேசிகளில் வழக்கமான எச்.264 முறையிலோ, பெரும்பாலான சட்டகங்களில் மற்றச் சட்டகங்களிலிருந்து மாறிய பகுதியே பதியப்படும். ஆகவே ஒரு சட்டகத்தைக் காட்ட, அது சார்ந்துள்ள மற்றச் சட்டகங்களையும் முறைவழியாக்கி விரிக்க வேண்டும். இங்கு சுமை வன்தட்டுக்கன்று, முறைவழியாக்கிக்கே.

3. கணினியின் தகைமை

ஷொட்கட் என்னும் இலவசத் தொகுப்பு மென்பொருள் வேண்டும் குறைந்தபட்ச அளவுகள்:

சாதாரண வீடியோ: 1 கரு, 4 கிகாபைற்று ராம்
எச்டி: 2 கரு, 8 கிகாபைற்று ராம்
4கே: 4 கரு, 16 கிகாபைற்று ராம்

அத்துடன் 64 பிற்றுப் பணிசெயல் முறைமையும் தேவை.

4. மாதிரி வினா

மாணவியின் கணினியில் 2 கரு, 4 கிகாபைற்று ராம், 64 பிற்றுப் பணிசெயல் முறைமை, வன்தட்டில் 60 கிகாபைற்று வெற்றிடம் உள்ளன. மேற்கூறிய வீதத்தில் அவள் ஒரு மணித்தியால எச்டி வீடியோ பதிவு செய்துள்ளாள். கணினி போதுமா?

விடை:
இடம்: தேவை 7.2 கிகாபைற்று. தொகுக்கும்போது உருவாகும் கோப்புகளுக்கும் இடம் மிஞ்சும். போதும்.
முறைவழியாக்கி: 2 கரு. எச்டிக்குக் குறைந்தபட்ச அளவில் போதும்.
ராம்: 4 கிகாபைற்று குறைவு.

தீர்வு: பதிலிக் கோப்பு முறை. மென்பொருள் வீடியோவின் சிறிய பிரதியொன்றை ஆக்கித் தரும். அதில் வெட்டி ஒட்டலாம். இறுதி வெளியீடு மூலக்கோப்பிலிருந்தே உருவாகும் என்பதால் தரம் குறையாது. தாய்ப்பலகை ஏற்குமாயின் ராமை 8 கிகாபைற்றாக உயர்த்துவது அடுத்த படி. 4கேக்கு இக்கணினி பொருந்தாது.

5. பணம் செலவழிக்குமுன் சோதனை

2 நிமிடத் துண்டொன்றை எடுத்து வெட்டி, தலைப்பும் இசையும் சேர்த்து வெளியிடுக. அதற்கு 10 நிமிடம் எடுத்தால், 10 நிமிட வீடியோவுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் எடுக்கும். இது குறைபாடன்று, கணினியை விட்டுவிட்டு வேறு பாடம் படிக்கலாம். பதிலிக் கோப்பிலும் படம் தடுமாறி, வெட்டும் இடத்தைக் காண முடியாவிடின், அப்போதே "போதாது" எனலாம்.

கவனிக்க: திண்மநிலைத் தட்டு பொருத்தினால் கணினி விரைவில் தொடங்கும். ஆனால் செக்கனுக்கு 2 மெகாபைற்றைப் பழைய வன்தட்டே எளிதில் வாசிக்கும். எனவே முறைவழியாக்கியின் சுமையால் வரும் தடுமாற்றம் அதனால் நீங்காது.

பயிற்சி

1. செக்கனுக்கு 24 மெகாபிற்று வீத வீடியோ 30 நிமிடத்துக்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?
2. 2 நிமிடத் துண்டை வெளியிட 6 நிமிடம் எடுத்தது. 15 நிமிட வீடியோவுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?
3. எச்டி கோப்பு மினி டீவி கோப்பிலும் சிறிதாயினும் அதைத் தொகுப்பது கடினம். ஏன்?

விடைகள்: 1. 5.4 கிகாபைற்று. 2. ஏறத்தாழ 45 நிமிடம். 3. பகுதி 2ஐப் பார்த்து உங்கள் சொற்களில் எழுதுக.