கைக்குழந்தையின் சமூக வளர்ச்சியை அளவிடுதல்

கைக்குழந்தையின் உடல் வளர்ச்சியை அறியத் தராசும் அளவு நாடாவும் உள்ளன. அது பிறரோடு பழகும் ஆற்றலை அறியவோ தாயின் சொல்லே முதற்கருவி. இதற்கென ஒரு முறையை அமெரிக்காவில் வைன்லாந்துப் பயிற்சிப் பள்ளியைச் சார்ந்த எட்கர் டால் 1935-ல் வகுத்தார். நாகபுரியில் ஏ. ஜே. மாலின் அதனை இந்தியக் குடும்பச் சூழலுக்கேற்பத் திருத்தி, பதினைந்து வயது வரைக்கும் 89 இனங்களாக அமைத்தார். அதனை ஜே. பரத்ராஜ் விரிவாக்கிய கையேடு 1992-ல் மைசூரிலிருந்து வெளிவந்தது.

முகம் நோக்கிச் சிரித்தல் ஏறத்தாழ ஆறாவது வாரம் முதல் இரண்டாம் மாதத்திற்குள் தோன்றும். நான்காம் மாதத்தில் குழந்தை வாய்விட்டுச் சிரிக்கும். ஏழு முதல் ஒன்பது மாதங்களில் அயலாரைக் கண்டு மிரண்டு தாயை ஒட்டிக்கொள்ளும். இது குறையன்று, தேர்ச்சியே. பின்னர்க் கை கொட்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தது வெறுங்கற்பனையன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது.

வினவும் முறையில் கவனம் வேண்டும். “குழந்தை கை நீட்டுகிறதா?” என்றால் எந்தத் தாயும் ஆம் என்பாள். “பழகியவர் அருகே வந்தால் குழந்தை என்ன செய்கிறது?” என்று கேட்டு, அவள் விரித்துரைப்பதைக் கேட்பதே முறை. எப்பொழுதும் இடுப்பிலேயே வளரும் குழந்தை தரையில் தவழாதிருக்கலாம். வாய்ப்பின்மையைத் திறமையின்மை எனக் கொள்ளலாகாது. எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் வயதில் அவ்வெட்டு வாரங்களையும் கழித்தே கணக்கிடுதல் வேண்டும்.

சமூக வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் சமூக ஈவு கிடைக்கும். நான்கு மாதக் குழந்தை ஒரு மாதம் பின்தங்கினால் ஈவு 75 ஆகும். நான்கு வயதுக் குழந்தை அதே ஒரு மாதம் பின்தங்கினால் ஏறத்தாழ 98. ஆகவே சிசுப் பருவத்தில் ஒருமுறை கண்ட எண்ணைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தவறு. சில வாரங்கள் கழித்து மீண்டும் அளவிட வேண்டும்.

இவ்வளவீடு ஏமாற்றுமிடமும் ஒன்றுண்டு. செவிப்புலன் அற்ற குழந்தையும் உரிய காலத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். மழலை ஒலியும் எழுப்பும். அதனால் வீட்டார் ஐயுறுவதில்லை. ‘பாபாபா’, ‘மாமாமா’ என அசைகள் தொடரும் ஒலி பத்து மாதத்திற்குள் வராதபோதுதான் குறை புலனாகிறது. அதற்குள் அருமையான காலம் கழிந்துவிடுகிறது. மைசூரில் 1965-ல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையம் பிறந்த சிசுக்களின் செவியைச் சோதிப்பதில் கருத்துச் செலுத்துவது இதனாலேயே. உறங்கும் சிசுவின் செவியில் மெல்லொலியைச் செலுத்தி, உட்செவி திருப்பியனுப்பும் நுண்ணொலியைக் கருவி பதிவு செய்கிறது. முதல் மாதத்திற்குள் சோதனை, மூன்றாம் மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறாம் மாதத்திற்குள் பயிற்சித் தொடக்கம் என்பது உலகெங்கும் கொள்ளப்படும் வரம்பு.

குழந்தையின் பின்னால் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்ப்பது போதாது; நிழலசைவையோ காற்றசைவையோ உணர்ந்தும் அது திரும்பக்கூடும். ஐயம் எழுந்தால், குழந்தை நன்றாகச் சிரித்து விளையாடினும், செவிச் சோதனைக்கு உடனே அனுப்புக.